ஐந்தாவது ரீடிங்

எங்கள் பாலிடெக்னிக்கில் சிப் செய்யும் கிளீன் ரூம் கிடையாது. ஏ.சி.யே முதல்வர் அறையிலும் கம்ப்யூட்டர் லேபிலும்தான் ஓடுகிறது. இருந்தாலும் மூன்றாவது செமஸ்டர் பிள்ளைகள் முதல் தடவை என் லேபுக்கு வரும் அன்று வாசலிலேயே நிறுத்திவிடுவேன். செருப்பு வெளியே. வாட்ச், மோதிரம், வளையல் எல்லாம் பைக்குள்ளே. கோயில் கயிற்றை மட்டும் விட்டுவிடுவது. ஒரு முறை அதைக் கழற்றச் சொல்லி, மறுநாள் ஒரு பையனின் அம்மா வந்து முதல்வர் அறையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைப்பேன். மேசையில் ஒரு கறுப்புச் சார்ட் தாள், அதன் மேல் படுக்கை வாட்டத்தில் ஒரு டார்ச். அந்த வெளிச்சக் கீற்றுக்கு மேலே ஒருவனைக் குனிந்து தலைமுடியை ஒரே ஒரு தரம் கோதச் சொல்வேன். நெற்றித் திருநீறு, முகத்துப் பவுடர், சட்டைப் பஞ்சு, தோலிலிருந்து உதிர்ந்தது எல்லாம் சேர்ந்து சாவகாசமாக இறங்கும். தாளில் வந்து விழ அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் துகள்களும் உண்டு. வகுப்பு கப்சிப் என்று ஆகிவிடும். "சார், நான் குளிச்சிட்டுத்தான் வந்தேன்" என்று வருடத்துக்கு ஒருத்தியாவது சொல்வாள்.

குளித்தவர்களும் உதிர்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். கிளாஸ் 100 அறை என்றால் ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலுமான துகள்கள் நூறைத் தாண்டக் கூடாது. தலைமுடி ஒன்றின் தடிமனே எழுபது மைக்ரான் பக்கம் வரும். அந்த அறைக்குள் போகும் பொருள்களிலேயே மோசமான அழுக்கு மனிதன்தான். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டுவது நம்மிடமிருந்து வேஃபரை, அதாவது சிப் செய்யும் சிலிக்கன் தகட்டை, காப்பாற்ற. அதை மாட்டிக்கொண்ட முதல் நாள் நான் என்னவோ என்னைத்தான் காப்பாற்றுகிறார்கள் என்று நினைத்தேன்.

நான் டிப்ளமா படித்தது 1992 முதல் 1995 வரை, ஒரு அரசு பாலிடெக்னிக்கில், எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். ஒரு மேசைக்கு ஆறு பேர். மூன்று ஆசிலாஸ்கோப்பில் ஒன்று வேலை செய்யும். டையோடின் குணவரைவு எடுக்க வேண்டும் என்றால் மின்னழுத்தத்தைப் பொட்டுப் பொட்டாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் மின்னோட்டத்தைக் குறித்து, கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். சிலிக்கன் என்றால் 0.7 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கோடு மேலே எழும், ஜெர்மானியம் என்றால் 0.3. இது புத்தகத்திலேயே இருக்கிறது. அப்புறம் எதற்கு அளக்க? முதலில் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து அழகாகக் கோட்டை இழுத்துவிடுவோம், பிறகு கோட்டிலிருந்து புள்ளிகளைப் பொறுக்கி அட்டவணையை நிரப்புவோம். எங்கள் பாஷையில் அதற்கு 'ரீடிங் போடறது' என்று பெயர். ரீடிங் எடுப்பது வேறு, போடுவது வேறு. நான் நன்றாகப் போடுவேன். சந்தேகம் வராதபடி ஒன்றிரண்டு புள்ளிகளைக் கோட்டை விட்டு லேசாகத் தள்ளி வைக்கும் அளவுக்குத் தேர்ச்சி. பிராக்டிகலில் எனக்கு எப்போதும் தொண்ணூறுக்கு மேல்.

அந்த மூன்று வருடத்தில் சிலிக்கனை ஒரே ஒரு முறைதான் கண்ணால் பார்த்தேன். ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெறும் வயதில் ஒரு இன்ஸ்ட்ரக்டர் இருந்தார். ஒரு மதியம் எஸ்.எல்.100 டிரான்சிஸ்டர் ஒன்றை வைஸில் மெல்லப் பிடித்து, அதன் தகரத் தொப்பியை அரத்தால் ராவி எடுத்தார். உள்ளே தங்க நிறத் தட்டில் ஒரு கடுகைத் தட்டையாக்கி வைத்தது போல ஒரு சாம்பல் சதுரம், அதிலிருந்து முடி போன்ற இரண்டு கம்பிகள். மைக்ரோ அம்மீட்டரை இணைத்து ஜன்னலோரம் வைத்தார். ஊசி சும்மா நின்றுகொண்டிருந்தது. நான் குனிந்து பார்க்க, என் தலை நிழல் விழுந்ததும் ஊசி இறங்கியது. விலகினேன், ஏறியது. "வெளிச்சம் பட்டா அதுக்குத் தெரியும்டா. தொப்பி போட்டு மூடறதுக்கு அதுவும் ஒரு காரணம்" என்றார். அது சிலபஸில் இல்லை, பரீட்சைக்கும் வராது. மற்ற பையன்கள் கேன்டீனுக்குப் போய்விட்டார்கள்.

எங்களுக்குக் கற்றுத் தந்தவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களும் வேஃபரைப் பார்த்தவர்கள் இல்லை. மொஹாலியில் அரசாங்கத்தின் செமிகண்டக்டர் ஆலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்து, மீண்டு எழப் பல வருடங்கள் ஆயின. நான் படித்த காலம் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. எனக்கு இந்த விஷயத்தில் ஆசை மூட்டியது பாடப்புத்தகம் இல்லை, சுஜாதா. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த மனிதர், சிப்பைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகமே எழுதினார். அதில்தான் 'சில்லு' என்ற சொல் எனக்கு அறிமுகமானது. எங்கள் ஊரில் சில்லு என்றால் உடைந்த பானை ஓடு. பெண் பிள்ளைகள் பாண்டி ஆட எறிவது. இரண்டும் ஒரே சொல் என்பது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது.

படித்து முடித்ததும் தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு சின்ன யூனிட்டில் ஒன்றரை வருடம். ரிச்சி தெருவில் வாங்கிய சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்தவன் போலப் போய் நின்றேன். அங்கே முதல் வாரம் கையில் அயர்னையே தரவில்லை. மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து தரைக்கு ஒரு வயர், நடுவில் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர். பாலியெஸ்டர் சட்டை போட்டு வந்தால் வாசலில் திருப்பி அனுப்பினார்கள். நம் விரலிலிருந்து பொறி தாவுவது நமக்குத் தெரிய மூவாயிரம் வோல்ட்டாவது வேண்டும். சில சிப்புகள் நூறு வோல்ட்டுக்கே செத்துப்போகும். அதாவது நான் கொன்றது எனக்கே தெரியாது. சமயத்தில் சாகவும் சாகாது, அடிபட்டு, சோதனையில் தேறி, வாடிக்கையாளரிடம் போய் மூன்றாம் மாதம் சாகும்.

1997இல் சிங்கப்பூர் போனேன். உட்லண்ட்ஸ் பக்கம், ஆறு அங்குல வேஃபர் ஓடும் ஒரு பழைய ஆலையில், உலைப் பிரிவில் டெக்னீஷியன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். எனக்குப் பயிற்சி தந்தவர் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி மோட்டார் பைக்கில் வரும் ஒரு மலேசியத் தமிழர். எல்லாரையும் போல நானும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன்.

முதல் மூன்று நாள் உடுப்பு மாட்டவும் கழற்றவும்தான் கற்றேன். மேலிருந்து கீழே வர வேண்டும்: முடிக்கு வலை, முகமூடி, தலைக்கவசத் துணி, உடம்புக்கு முழு உடுப்பு, கடைசியில் காலுறை, கையுறை. உடுப்பு தரையில் படக் கூடாது. ஒற்றைக் காலில் நின்று மாட்டுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அண்ணே சிரித்தார். "வேர்வைதான் தம்பி இங்க விஷம். அதுல உப்பு இருக்குல்ல." உண்மைதான். உப்பில் உள்ள சோடியம் டிரான்சிஸ்டரின் மெல்லிய ஆக்ஸைடு படலத்துக்குள் புகுந்தால் ஒரே இடத்தில் நிற்காது. சூடும் மின்னழுத்தமும் பட்டால் நகரும். இன்று ஒரு வோல்ட்டில் திறக்கிற டிரான்சிஸ்டர் நாளைக்கு வேறொரு வோல்ட்டில் திறக்கும். 1960களில் இந்தத் தொழிலையே இழுத்தடித்த பிரச்சினை அது. தொட்டவன் கை உப்பு என்று கண்டுபிடிக்க ஆட்களுக்குச் சில வருடங்கள் பிடித்தன.

நாலாம் நாள் அமிலங்கள். கந்தக அமிலம் எனக்குப் பழக்கம், பயம் இருந்தது. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் சாதுவாகப் பிளாஸ்டிக் புட்டியில் தண்ணீர் போல நின்றது. கண்ணாடியில் வைக்க முடியாது, கண்ணாடியைத் தின்னும். நீர்த்த அமிலம் கையில் பட்டால் உடனே எரியாது, அதுதான் ஆபத்து. வலி மணிக்கணக்கில் கழித்து வரும், அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தொட்டிக்குப் பக்கத்திலும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் ட்யூப் ஒன்று தொங்கும். "பட்ட மாதிரி இருந்தாலே சொல்லணும், பட்டுச்சான்னு யோசிக்கக் கூடாது" என்றார் அண்ணே. அந்த ஆலையில் நான் கேட்ட எல்லா விதிகளும் ஒருவகையில் இந்த ஒரே விதிதான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

உலை என்றால் செங்குத்தாக நிற்கும் அடுப்பு இல்லை. எங்களுடையது படுக்கைக் குழாய், குவார்ட்ஸ் கண்ணாடியில் செய்தது, உள்ளே ஆயிரம் டிகிரி வரை. வேஃபர்களைத் தோசைத் தட்டு அடுக்கியது போலக் குவார்ட்ஸ் படகில் நிறுத்தி, நிமிடத்துக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் உள்ளே தள்ளுவோம். அவசரப்பட்டால் வேஃபர் நெளிந்துவிடும். உள்ளே ஆக்சிஜன் பட்டுச் சிலிக்கனின் மேல்தோல் கண்ணாடியாக மாறும். இரும்புக்குத் துரு எப்படியோ அப்படி, ஆனால் இந்தத் துரு கெட்டி, ஒழுங்கு, மின்சாரத்தை விடாது. இந்தத் தொழில் மொத்தமும் அந்தத் துருவின் மேல் நிற்கிறது.

தடிமனுக்கு ஏற்ப அதற்கு வண்ணம் வரும். 500 ஆங்ஸ்ட்ராமில் மங்கிய பழுப்பு. 1000இல் கருஊதா. 1500 வந்தால் வெளிர் நீலம். அண்ணே வேஃபரை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்து எண்ணைச் சொல்வார், கருவியில் வைத்தால் ஏறக்குறைய அதுவே வரும். ஒரு நாள் ஒரு வேஃபர் என் கையிடுக்கியிலிருந்து நழுவி உடைந்தது. துண்டுகள் எல்லாம் சதுரம் சதுரமாக, மூலை மட்டம் வைத்து வெட்டியது போல. பானைச் சில்லு மாதிரி கோணல்மாணலாக உடையும் என்று எதிர்பார்த்திருந்தேன். "இதுவே வேற வெட்டுல எடுத்த படிகமா இருந்தா முக்கோணமா உடையும். உடைஞ்சதைப் பார்த்தே சொல்லிரலாம்" என்றார். படிகத்தில் அணுக்கள் அடுக்கியிருக்கும் வரிசை கையில் துண்டாகக் கிடந்தது. மில்லர் குறியீடு என்று மூன்று எண்களை மனப்பாடம் செய்து தேறியவன் நான். அது இதுதான் என்று உடைத்த பிறகுதான் தெரிந்தது.

மெல்லிய படலங்களில் கண் உதவாது. டிரான்சிஸ்டரின் வாயிலுக்கு அடியில் போடும் ஆக்ஸைடு எங்கள் ஆலையில் 200 ஆங்ஸ்ட்ராம், அதாவது 20 நானோமீட்டர். அதற்கு வண்ணமே கிடையாது, வெறும் சிலிக்கனின் சாம்பல்தான். அதனால் ஒவ்வொரு உலைத் தடவையிலும் லாட்டுகளோடு ஒரு வெற்று வேஃபரைச் சாட்சிக்கு அனுப்புவோம். வெளியே வந்ததும் கருவியில் வைத்து அதை ஐந்து இடத்தில் அளக்க வேண்டும்: நடுவில் ஒன்று, மேல், கீழ், இடது, வலது. ஒவ்வோர் இடத்துக்கும் கையால் நகர்த்தி, குவியம் பார்த்து, எண்ணைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

ஒரு இரவு ஷிஃப்ட், விடியற்காலை நாலு மணி. நாலு இடம் அளந்துவிட்டேன். 201, 199, 202, 200. அடுத்த உலை மணி அடித்துக் கூப்பிட்டது. ஐந்தாவது கட்டத்தில் 201 என்று எழுதிவிட்டுப் போனேன். யோசித்துச் செய்த திருட்டு இல்லை, கை தானாக எழுதியது. மூன்று வருடம் பழக்கிய கை.

ஐந்து வாரம் கழித்து அந்த லாட்டுகள் மின்சோதனைக்குப் போனபோது ஒரு பக்கத்து ஓரச் சிப்புகள் வரிசையாகக் கசிந்தன. எங்கே தப்பு என்று படிப்படியாகப் பின்னால் வந்தார்கள், எங்கள் உலைக்கு வந்தார்கள், என் தேதிக்கு வந்தார்கள். சாட்சி வேஃபர்களை டப்பாவில் வைத்திருப்போம். அதை எடுத்து மறுபடி அளந்தார்கள். வலது ஓரம் 160. அன்று குழாயின் வாயில் வாயு ஓட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, கண்டுபிடித்திருந்தால் ஒரு மணி நேர வேலை. கண்டுபிடிக்க வேண்டியது என் ஐந்தாவது ரீடிங். அந்தத் தடவை போனது நாலு லாட், நூறு வேஃபர். அதற்குப் பின் அதே குழாயில் போனவற்றையும் தேட வேண்டியதாயிற்று.

வேலையை விட்டு அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம், அந்த வருடம் போனஸ் இல்லை. அண்ணே சத்தம் போடவில்லை, அதுதான் தாங்கவில்லை. கேன்டீனில் எதிரே உட்கார்ந்து, "160ன்னு வந்திருந்தா உன்னை யாரு என்ன சொல்லியிருப்பா?" என்று மட்டும் கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். உலையை நிறுத்தியவன் என்று ஒருவேளை தட்டிக்கூடக் கொடுத்திருப்பார்கள். எதிர்பார்த்த எண் வராவிட்டால் நான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேன் என்று அர்த்தம், அதை மறைக்க வேண்டும் என்பது எங்கேயிருந்து எனக்குள் வந்தது என்று அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். ரெக்கார்டு நோட்டின் பழுப்பு அட்டை ஞாபகம் வந்தது.

2006இல் ஊர் திரும்பினேன். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கிய வருடம், அந்தப் பக்கம் போர்டு ஏற்றத் தெரிந்த எவருக்கும் வேலை இருந்தது. ஒரு துணை நிறுவனத்தில், போர்டில் பாகங்களைப் பொருத்தும் எஸ்.எம்.டி. லைன் பார்த்துக்கொண்டேன். அதே வருடம் ஜூலை முதல் ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கில் காரீயம் கூடாது என்று விதி வந்தது. அதுவரை வெள்ளீயமும் காரீயமும் 63க்கு 37 கலந்த பற்று 183 டிகிரியில் உருகிவிடும். புதியதில் நூற்றுக்கு 96.5 பங்கு வெள்ளீயம், மிச்சம் வெள்ளியும் செம்பும். 217க்கு மேல்தான் இளகும். பயிற்சிக்கு வந்த பெண்களுக்கு நான் பற்றை உருக்கும் ரிஃப்ளோ அடுப்பைப் பற்றி எவ்வளவு விளக்கியும் ஏறவில்லை. "உங்க வீட்டுல ஈயச்சொம்பை வெறுமனே அடுப்புல வெச்சா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "உருகிடும் சார், ரசத்தை ஊத்திட்டுத்தான் வெக்கணும்." அவ்வளவுதான், பாடம் முடிந்தது. ரசம் இருக்கும்வரை சொம்பு நூறு டிகிரியைத் தாண்டாது, வெள்ளீயம் உருக 232 வேண்டும். அவர்கள் பாட்டிக்குத் தெரிந்த வெப்ப வரைவைத்தான் நாங்கள் ஒன்பது மண்டலமாகப் பிரித்துத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியது. மறு வருடம் நான் பாலிடெக்னிக்கில் லேப் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்தேன், சம்பளம் பாதிக்குக் கீழே.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்க்குச் செமிகண்டக்டர் திட்டம் அறிவித்தது. 2023இல் ஏ.ஐ.சி.டி.இ. சிப் உற்பத்திக்கென்றே தனி டிப்ளமாவுக்குப் பாடத்திட்டம் வெளியிட்டது. பெற்றோர் வந்து, "செமிகண்டக்டர் இருக்கா சார்?" என்று கேட்கிறார்கள், ஏதோ கடையில் சரக்கு கேட்பது போல. நல்லதுதான். பாடத்திட்டத்தையும் வாசித்துப் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. கிளீன் ரூமுக்குக் கோடிகள் வேண்டும், எங்களுக்கு அது வராது. ஆனால் முப்பது வருடத்துக்கு முன்னால் நான் பார்த்த அதே ரெக்கார்டு நோட்டு, அதே வழவழப்பான கோடு இன்றும் இருக்கிறது. சீனியர் ரெக்கார்டு மட்டும் வாட்ஸ்அப்பில் வருகிறது. அதை ஒழிக்கக் கோடி ரூபாய் வேண்டாமே என்று தோன்றுகிறது. இதைத் துறைக் கூட்டத்தில் சொன்னேன். தேர்ச்சி விழுக்காடு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

போன வருடம் ஐப்பசியில் பிராக்டிகல் பரீட்சை. ஒரு பெண்ணுக்கு ஜெர்மானியம் டையோடின் பின்னோக்குக் குணவரைவு வந்தது. ஓ.ஏ.79, கறுப்புப் பெயின்ட் அடித்த சின்னக் கண்ணாடிக் குழல், ரிச்சி தெருவில் நான் பொறுக்கிவந்த பழைய சரக்கு. கோடு ஏறக்குறையத் தட்டையாகப் போக வேண்டும். அவள் கிராஃபில் ஆறு வோல்ட்டில் ஒரு மேடு, எட்டு வோல்ட்டில் மறுபடி பள்ளம். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் தாளைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, கர்வ் இப்படியா வரும்?"

"அப்படித்தான் சார் வந்துது" என்றாள்.

"மறுபடி போடு."

"மறுபடியும் எடுத்தேன் சார். வேற மாதிரி வந்துது. அதையும் பக்கத்துலயே எழுதியிருக்கேன்."

அவர் ஆறு மார்க் குறைத்தார். நான் வாயைத் திறக்க முடியாது, இன்ஸ்ட்ரக்டருக்கு அங்கே நாற்காலி கூடக் கிடையாது.

எல்லாரும் போன பிறகு அவள் மேசைக்குப் போனேன். மழை விட்டு, மேகம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கொரு தரம் வெயில் உள்ளே வந்து போனது. டையோடைக் கழற்றி லென்ஸில் பார்த்தேன். ஒரு பக்கம் பெயின்ட் அரிசி முனை அளவுக்கு உதிர்ந்திருந்தது. திரும்பச் செருகி சப்ளையைப் போட்டுவிட்டு, வராந்தாவில் அழுதுகொண்டிருந்தவளைக் கூப்பிட்டேன்.

"கையை அது மேல கவிச்சுப் பிடி."

பிடித்தாள். ஊசி இறங்கியது.

"எடு."

ஏறியது. மூன்று தரம் செய்து பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்போ என் ரீடிங் சரிதானே சார்? மார்க்?"

மார்க் போனது போனதுதான் என்றேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. உள்ளங்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, எந்த உயரத்தில் ஊசி அசையத் தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள்.